பின்னச் சமன்பாடுகளின் தீர்வு: கொடைக்கானல் சூரிய ஆய்வகக் கணக்குகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பின்னங்கள் இடம்பெறும் எளிய ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை பள்ளிக் கணிதத்தில் பெரும்பாலும் ‘குறுக்கே பெருக்கு’, ‘அந்தப் பக்கம் கொண்டுபோ’ என்னும் இரண்டு கட்டளைகளாகச் சுருங்கிவிடுகிறது. அக்கட்டளைகளுக்குப் பின்னால் நிற்கும் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. பழனி மலைத்தொடரில் கொடைக்கானலில் அமைந்துள்ள சூரிய ஆய்வகத்தின் பணிகளில் பயிலும் கணக்குகளும், தமிழ் மரபின் பின்ன எண் அமைப்பும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. குறிப்பாக, 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் கண்டறிந்த ஆர இயக்கம், பகுதியில் உள்ள கணியம் சுழியாகும்போது சமன்பாட்டிற்கு என்ன நேர்கிறது என்பதை விளக்கும் எடுத்துக்காட்டாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: பின்னச் சமன்பாடு, மீச்சிறு பொது மடங்கு, முந்திரி, இட்ட எண், கொடைக்கானல் ஆய்வகம், எவர்ஷெட் விளைவு.

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்துள்ளது. 1876ஆம் ஆண்டு தொடங்கித் தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பின், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்ற வினா எழுந்தது. அவ்வினாவும் இந்த ஆய்வகத்தின் தோற்றத்திற்கு ஒரு காரணமாயிற்று. சென்னை வான் ஆய்வகத்தின் பணிகள் 1899இல் மலைக்கு மாறின. சார்லஸ் மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநரானார். 1971 முதல் இது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாக இயங்கிவருகிறது.

வான் ஆய்வகம் என்றவுடன் உயர்கணிதமே அங்கு ஆள்கிறது என்று மாணவர் எண்ணுவது இயல்பு. உயர்கணிதம் அங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அளந்த எண்ணிலிருந்து அறிய வேண்டிய எண்ணுக்குச் செல்லும் முதற்படி, பல இடங்களில் எட்டாம் வகுப்பு மாணவர் தீர்க்கத்தக்க பின்னச் சமன்பாடாகவே இருக்கிறது. அச்சமன்பாட்டைத் தவறாகத் தீர்த்தால் பிழை எவ்வாறு வெளிப்படும் என்பதையும் வானமே காட்டிவிடுகிறது. பாடநூலின் கடைசிப் பக்க விடையை நம்பியிருக்கும் மாணவருக்கு இந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை.

பின்வரும் பகுதிகளில் அறியவேண்டிய கணியம் எங்கும் ‘ம’ என்னும் எழுத்தால் குறிக்கப்படுகிறது. பின்னக் கோட்டிற்கு மேலுள்ளது தொகுதி, கீழுள்ளது பகுதி என்பன தமிழ்நாட்டுப் பாடநூல்களின் வழக்கு.

பின்னக் கோடு ஓர் அடைப்புக்குறி

ஒரு சமன்பாட்டின் இரு பக்கங்களையும் சுழியல்லாத ஒரே எண்ணால் பெருக்கினால் சமன்பாடு மாறுவதில்லை. பின்னச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும். பகுதிகள் அனைத்தாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண்ணை, அதாவது மீச்சிறு பொது மடங்கை, பெருக்கும் எண்ணாகத் தேர்ந்தால் பின்னங்கள் ஒரே அடியில் மறைந்துவிடும்.

(ம + 3)/2 − (ம − 1)/3 = 4

இதில் பகுதிகள் 2, 3. மீச்சிறு பொது மடங்கு 6. இரு பக்கங்களையும் 6ஆல் பெருக்கினால்,

3(ம + 3) − 2(ம − 1) = 24

எனக் கிடைக்கும். அடைப்புக்குறிகளை நீக்க, 3ம + 9 − 2ம + 2 = 24; எனவே ம = 13. மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 16/2 − 12/3 = 8 − 4 = 4 எனச் சரியாக வருகிறது.

மாணவர் பலர் தடுமாறும் இடம் இரண்டாம் பின்னத்தின் முன்னுள்ள கழித்தல் குறி. −2(ம − 1) என்பதை −2ம − 2 என எழுதிவிடுவர். விடை 17 என வரும். இது கவனக்குறைவு மட்டுமன்று. (ம − 1)/3 என்று அச்சிடும்போது மேலுள்ள அடைப்புக்குறி கண்ணுக்குத் தெரிகிறது. கரும்பலகையில் நீண்ட கோட்டின் மேல் ‘ம − 1’ என எழுதும்போது அடைப்புக்குறி எழுதப்படுவதில்லை. கோடே அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. கோடு நீங்கும்போது அந்த வேலையை ஏற்க அடைப்புக்குறி வந்தாக வேண்டும். (ம + 6)/6 என்பதில் ஆறையும் ஆறையும் அடித்து ‘ம’ என விடை எழுதும் பிழையும் இதே அறியாமையின் விளைவே. அதன் சரியான வடிவம் ம/6 + 1.

‘குறுக்குப் பெருக்கல்’ என்பது இம்முறையின் ஒரு சிறப்பு வகை. சமக்குறியின் இருபுறமும் ஒவ்வொரு பின்னம் மட்டுமே இருக்கும்போது, இரு பகுதிகளின் பெருக்கற்பலனால் இரு பக்கங்களையும் பெருக்குவதற்கு இடப்பட்ட சுருக்கப் பெயர் அது. மூன்று பின்னங்கள் உள்ள சமன்பாட்டிலும் மாணவர் குறுக்கே பெருக்க முற்படுவது, பெயரை அறிந்து காரணத்தை அறியாததால் வருவது. பொது மடங்கால் பெருக்குவதை முதலில் கற்பித்து, குறுக்குப் பெருக்கலை அதன் கிளையாகப் பின்னர் அறிமுகம் செய்வதே முறையாகும்.

முந்திரி என்னும் பொது அளவு

பொதுப் பகுதி காண்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்பட்ட எண்சுவடியின் பின்னங்கள் ஒரு திட்டமான அமைப்பை உடையவை. கால், அரை, முக்கால் ஆகியவற்றோடு அரைக்கால் (1/8), மாகாணி அல்லது வீசம் (1/16), மா (1/20), அரைமா (1/40), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320) என அவை இறங்குகின்றன. இருமா 1/10, நாலுமா 1/5. இவை அனைத்தும் முந்திரியின் முழு மடங்குகள். கால் என்பது 80 முந்திரி, மாகாணி 20 முந்திரி, மா 16 முந்திரி. முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி முதலிய நுண்பின்னங்கள் வருகின்றன. கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320இல் ஒரு பங்கு, அதாவது 1/1,02,400.

இவ்வமைப்பில் மீச்சிறு பொது மடங்கைத் தேடும் தேவையே எழவில்லை. 2இன் அடுக்குகளும் 5உம் மட்டுமே பகுதியில் வருமாறு பின்னங்களை வகுத்துக்கொண்டதால், 320 என்ற ஒரே எண் எல்லாவற்றிற்கும் பொதுவாக நின்றது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்ப்பக்கங்களில் மலைவாழை பயிராகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர்பெற்ற விருப்பாச்சிப் பழமும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு தோட்டத்தில் வெட்டிய தார்களில் காலும், மாகாணியும், ஒரு மாவும் விற்றுப்போக, 153 தார்கள் எஞ்சின என்று கொள்வோம். மொத்தம் எத்தனை?

இன்றைய முறையில் ம − ம/4 − ம/16 − ம/20 = 153. பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 80. பெருக்கினால் 80ம − 20ம − 5ம − 4ம = 12,240; அதாவது 51ம = 12,240; ம = 240. முந்திரிக் கணக்கிலோ, விற்றது 80 + 20 + 16 = 116 முந்திரி; எஞ்சியது 320 − 116 = 204 முந்திரி. 204 முந்திரிக்கு 153 தார் என்றால் ஒரு முந்திரிக்கு முக்கால் தார். 320 முந்திரிக்கு 240 தார். சமன்பாடும் இல்லை, மாறியும் இல்லை. எனினும் செய்யப்பட்ட செயல் ஒன்றே.

காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரத்தில் பின்னப் பெருக்கம் வாய்பாடாகவே வருகிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய, காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது அந்நூல். முள் ‘ம’ எனில் சுளை 6ம/5. சுளை 72 எனத் தெரிந்தால் முள் எத்தனை எனத் திருப்பிக் கேட்கும்போதுதான் அது சமன்பாடாகிறது: 6ம/5 = 72; இரு பக்கங்களையும் 5/6ஆல் பெருக்க, ம = 60. பலாமரம் இந்த வாய்பாட்டுக்குக் கட்டுப்பட்டுக் காய்க்கும் என நம்ப வேண்டியதில்லை. கணக்கதிகாரத்தில் இயற்கணிதம் முழுமையாக இருக்கிறது என்று பெருமை கொள்வதும் பொருந்தாது. தெரியாத எண்ணுக்கு ஒரு குறி இட்டு, அக்குறியையே எண்போலக் கையாள்வதே இயற்கணிதத்தின் தனித்தன்மை. ஆனால் பின்னங்களை அச்சமின்றிப் புழங்கிய ஒரு கல்விமுறை இங்கு இருந்தது என்பதும், அப்புழக்கம் இன்றைய வகுப்பறையில் அறுந்துபோயிருக்கிறது என்பதும் கருதத்தக்கவை.

மாறியின்றிப் பின்னச் சமன்பாட்டைத் தீர்க்கும் மற்றொரு பழைய வழி, விருப்பமான ஓர் எண்ணை இட்டுப் பார்ப்பது. பாஸ்கராச்சாரியார் 1150இல் இயற்றிய லீலாவதி இதற்கு ‘இட்டகருமம்’ எனப் பெயரிடுகிறது. அந்நூலின் புகழ்பெற்ற வண்டுக் கணக்கில், கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு வேறொரு மலருக்கும், அவ்விரண்டின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு இன்னொரு மலருக்கும் செல்ல, ஒரு வண்டு எஞ்சுகிறது. கூட்டம் 30 என இட்டுப் பார்த்தால், 6, 10, 12 போக 2 எஞ்சும். எஞ்ச வேண்டியது 1. ஆகவே 30இல் பாதி, 15. எகிப்தின் ரிண்டு பாப்பிரசிலும் இதே உத்தி காணப்படுகிறது: ஓர் எண்ணும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 என்றால், 7 என இட்டு 8 பெற்று, 7 × 19/8 = 16 5/8 என விடை காண்பர்.

இவ்வுத்திக்கு ஓர் எல்லை உண்டு. எல்லா உறுப்புகளிலும் ‘ம’ இருக்கும் பக்கம் ஒன்றாகவும், தனி எண் மறுபக்கமாகவும் இருந்தால்தான் இட்ட எண்ணின் விகிதம் செல்லும். ம/3 + 5 = ம/2 என்பதில் 6 என இட்டால் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 3; இவற்றிலிருந்து எவ்விகிதமும் பிறக்காது. 5ஐத் தனியே பிரித்து ம/2 − ம/3 = 5 என்றாக்கிய பின் 6 என இட்டால் 3 − 2 = 1; வேண்டியது 5; ஆகவே 30. உறுப்புகளைப் பக்கம் மாற்றுவது வெறும் வழக்கம் அன்று என்பதை இது காட்டுகிறது.

கரும்புள்ளி திரும்பி வரும் நாள்

‘ம’ பகுதியில் இருக்கும் சமன்பாடுகள் வேறு வகையான கவனத்தைக் கோருகின்றன. கொடைக்கானலில் 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படங்கள் நாள்தோறும் வானிலை இடந்தரும்போதெல்லாம் எடுக்கப்பட்டு வருகின்றன. அடுத்தடுத்த நாள்களின் படங்களை வரிசையாக வைத்தால் கரும்புள்ளிகள் கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு நோக்கி நகர்வது தெரியும். நீண்டநாள் நிலைக்கும் புள்ளி ஒன்று மறுபுறம் சென்று, சராசரியாக 27.28 நாள்களில் பழைய இடத்திற்கு மீள்கிறது. ஆயினும் இது சூரியனின் உண்மையான சுழற்சிக் காலம் அன்று. சூரியன் சுழலும்போதே புவியும் அதே திசையில் சூரியனைச் சுற்றி முன்னேறிவிடுகிறது. புள்ளி, புவியை எட்டிப்பிடிக்கச் சற்றுக் கூடுதலாகச் சுழல வேண்டும்.

உண்மைச் சுழற்சிக் காலம் ம நாள் எனில், ஒரு நாளில் சூரியன் சுழல்வது 1/ம சுற்று. புவி ஒரு நாளில் நகர்வது 1/365.24 சுற்று. புவியிலிருந்து காணும்போது ஒரு நாளில் தெரிவது இவற்றின் வேறுபாடு. எனவே,

1/ம − 1/365.24 = 1/27.28

அதாவது 1/ம = 1/27.28 + 1/365.24. வலப்பக்கத்தை ஒரே பின்னமாக்க வேண்டும்:

1/ம = (365.24 + 27.28)/(27.28 × 365.24) = 392.52/9,963.7

இப்போது இரு பக்கங்களும் ஒற்றைப் பின்னங்கள், இரண்டையும் தலைகீழாக்கலாம். ம = 9,963.7/392.52 = 25.38 நாள்.

மாணவர் செய்யும் பிழை இவ்விடத்தில் தெளிவாகத் தெரியும். வலப்பக்கத்தை ஒன்றாக்காமலே உறுப்பு உறுப்பாகத் தலைகீழாக்கினால் ம = 27.28 + 365.24 = 392.52 என்று வரும். அப்படியானால் சூரியன் ஒரு முறை சுழல ஓராண்டுக்கும் மேலாகும். பதினைந்து நாளுக்குள் விளிம்பு விட்டு விளிம்பு கடக்கும் புள்ளிகள் அதனைப் பொய்யாக்கிவிடும். கூட்டலின் தலைகீழி தலைகீழிகளின் கூட்டல் அன்று என்னும் விதியைப் பத்து முறை எழுதச் சொல்வதைவிட இந்த ஒரு முரண் ஆழமாகப் பதியும்.

காலங்களைக் கூட்டாமல் அவற்றின் தலைகீழிகளைக் கூட்டுவது ஏன் என்பதற்கும் இதே கணக்கில் விடை உண்டு. சூரியன் ஒரு நாளில் ஏறத்தாழ 14.18 பாகை சுழல்கிறது, புவி 0.99 பாகை நகர்கிறது; காணப்படுவது ஏறத்தாழ 13.2 பாகை. கூட்டவும் கழிக்கவும் தக்கவை ஒரு நாளின் அளவுகளே. இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்பும் கணக்கிலும், இருவர் சேர்ந்து வேலை முடிக்கும் கணக்கிலும் இதே காரணத்தால்தான் தலைகீழிகள் கூட்டப்படுகின்றன. சூரியன் திண்மப் பொருள் அன்று. நடுவரையில் விரைவாகவும் துருவங்களை நோக்கி மெதுவாகவும் சுழல்கிறது. ஆகவே 25.38 என்பது ஒரு குறிப்பிட்ட அகலாங்கிற்குரிய மதிப்பாகவே கொள்ளப்படும். நடுவரையில் 25 நாள் எனக் கொண்டால், 1/25 − 1/365.24 என்பதன் தலைகீழி ஏறத்தாழ 26.84 நாள்.

எவர்ஷெட்டின் ஒளிப்படத் தகடுகள்

ஜான் எவர்ஷெட் 1907இல் கொடைக்கானலுக்கு வந்தார்; 1911இல் இயக்குநராகி 1923இல் ஓய்வு பெற்றார். அவருடைய துணைவியார் மேரி எவர்ஷெட்டும் சூரியச் சுவாலைகளை ஆராய்ந்த வானியலாளர். எவர்ஷெட் வந்த மறு ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் எல்லரி ஹேல், கரும்புள்ளிகளில் வலிய காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். புள்ளிகள் பெருஞ்சுழல்கள் என்ற கருத்து அப்போது ஓங்கியிருந்தது. சுழல் எனில் வாயு புள்ளியைச் சுற்றிவர வேண்டும். அச்சுழற்சியை நிறமாலையில் அளக்க முடியும். 1909 ஜனவரி 5 அன்று எவர்ஷெட் எடுத்த தகடுகள் வேறொன்றைக் காட்டின.

நிறமாலைக் கோடு ஒன்றின் இயல்பான அலைநீளம் அ எனவும், இயக்கத்தால் அது பெயர்ந்த அளவு பெ எனவும், ஒளியின் வேகம் ஒ எனவும், பார்வைக்கோட்டில் வாயுவின் வேகம் ம எனவும் கொண்டால்,

பெ/அ = ம/ஒ

என்பதே டாப்ளர் விளைவின் எளிய வடிவம். வாயு விலகிச் சென்றால் கோடு சிவப்பு நோக்கியும், நெருங்கி வந்தால் ஊதா நோக்கியும் பெயரும். குறுக்கே பெருக்கி, ம = ஒ × பெ/அ. அலைநீளம் 6,000 ஆங்ஸ்ட்ராம், பெயர்ச்சி 0.04 ஆங்ஸ்ட்ராம், ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் எனக் கொண்டால் ம = 3,00,000 × 0.04/6,000 = 2 கி.மீ./நொடி. ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் உண்டு என்பதை நினைவிற்கொண்டால், அளக்கப்படும் பெயர்ச்சி எவ்வளவு நுண்ணியது என விளங்கும்.

ஆனால் தகட்டில் தெரியும் பெயர்ச்சி முழுவதும் புள்ளியின் வாயு ஓட்டத்தால் வந்ததன்று. சூரியனின் சுழற்சியால் அதன் நடுவரை விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 2 கி.மீ. வேகத்தில் நெருங்கியோ விலகியோ இயங்குகிறது. புவியின் சுழற்சியால் கொடைக்கானலும் நொடிக்கு அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் நகர்கிறது. தேடும் வேகத்திற்கு ஒப்பான அளவில் இவை குறுக்கிடுகின்றன. இவற்றால் வரும் பொதுப் பெயர்ச்சியை ‘பொ’ என்போம். புள்ளியின் அரைநிழற்பகுதியில் விளிம்பை நோக்கிய பக்கத்தில் அளந்தது பொ + பெ. சூரியவட்டின் நடுவை நோக்கிய பக்கத்தில் அளந்தது பொ − பெ. விளக்கத்திற்காக முன்னது 0.032 எனவும் பின்னது −0.008 எனவும் எடுத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க 2பெ = 0.040; பெ = 0.020. கூட்டினால் 2பொ = 0.024; பொ = 0.012. பொதுப் பெயர்ச்சியின் மதிப்பை முன்கூட்டி அறியாமலே அதனை விலக்க முடிகிறது.

இனி எவர்ஷெட் கண்டதற்கு வரலாம். சூரியவட்டின் நடுவையும் புள்ளியையும் இணைக்கும் கோட்டின்மீது நிறமாலைமானியின் பிளவை வைத்தபோது கோடுகள் சாய்ந்து தெரிந்தன: விளிம்புப் பக்க அரைநிழலில் சிவப்பு நோக்கியும், நடுப்பக்க அரைநிழலில் ஊதா நோக்கியும். பிளவை அதற்குச் செங்குத்தாக வைத்தபோது சாய்வு மறைந்தது. சுழலாக இருந்தால் இதற்கு நேர்மாறாகவே தெரிந்திருக்கும். புள்ளி வட்டின் நடுவுக்கு வந்தபோது பெயர்ச்சி இல்லாமற்போயிற்று. ஆகவே வாயு புள்ளியின் மையத்திலிருந்து வெளிநோக்கி, சூரியப் பரப்புக்கு இணையாகப் பாய்கிறது என்னும் முடிவு பெறப்பட்டது. எதிர்பார்த்ததைத் தேடிச் சென்றவர், தகடு சொன்னதை ஏற்றுக்கொண்டார். இன்று அது எவர்ஷெட் விளைவு என வழங்குகிறது.

சுழியால் பெருக்க இயலாமை

நடுவில் பெயர்ச்சி மறைவதை மீண்டும் சமன்பாடாக எழுதினால், பின்னச் சமன்பாட்டின் மிக நுட்பமான விதி ஒன்று புலப்படும். பரப்புக்கு இணையான ஓட்டத்தின் முழு வேகம் ம எனவும், வட்டின் நடுவிலிருந்து புள்ளியின் தொலைவு தொ எனவும், வட்டின் ஆரம் ஆ எனவும் கொள்வோம். பார்வைக்கோட்டில் விழும் வேகம் முழு வேகத்தில் தொ/ஆ பங்கு மட்டுமே. எனவே,

பெ/அ = (ம/ஒ) × (தொ/ஆ)

ம காண, இரு பக்கங்களையும் ஒ × ஆ/தொ என்பதால் பெருக்க வேண்டும்: ம = ஒ × (பெ/அ) × (ஆ/தொ). மேற்கண்ட எடுத்துக்காட்டில் பெ = 0.02; பார்வைக்கோட்டு வேகம் 1 கி.மீ./நொடி. புள்ளி ஆரத்தின் பாதியில் இருந்தால் ஆ/தொ = 2; ஓட்டத்தின் வேகம் 2 கி.மீ./நொடி.

புள்ளி வட்டின் நடுவில் இருந்தால் தொ = 0. அப்போது ஆ/தொ என்பதற்குப் பொருளில்லை. அதனால் பெருக்கும் உரிமையும் இல்லை. மூலச் சமன்பாடு பெ/அ = 0 என்றாகிறது; ‘ம’ அதிலிருந்து மறைந்துவிடுகிறது. ம எம்மதிப்பு பெற்றாலும் சமன்பாடு மெய்யாகும். நடுவில் எடுத்த தகட்டைக் கொண்டு ஓட்டத்தின் வேகத்தை அறிய முடியாது என்பதே இதன் பொருள். வேகம் சுழி என்று எழுதிவிடும் மாணவர், அளக்க முடியாததையும் இல்லாததையும் ஒன்றாகக் கொள்கிறார். ஓட்டம் பரப்புக்கு இணையானது என்று காட்ட மட்டும் அதே தகடு போதுமானது.

பாடநூற் கணக்கிலும் இது நிகழும்.

ம/(ம − 3) = 3/(ம − 3) + 2

இரு பக்கங்களையும் (ம − 3)ஆல் பெருக்கினால் ம = 3 + 2(ம − 3); சுருக்க, ம = 3. படிகளில் பிழை ஏதுமில்லை. ஆயினும் 3 என்பதை மூலச் சமன்பாட்டில் இட்டால் பகுதிகள் சுழியாகின்றன. பெருக்கியதே சுழியால், ஆகவே இச்சமன்பாட்டிற்குத் தீர்வே இல்லை. பகுதியில் மாறி இருக்கும்போது, அப்பகுதியைச் சுழியாக்கும் மதிப்புகளைத் தொடக்கத்திலேயே எழுதி விலக்கிவைக்கும் பழக்கம் வேண்டும். விடையைச் சரிபார்த்தல் இத்தகைய கணக்கில் விருப்பப்படி செய்யும் கூடுதல் வேலை அன்று, தீர்வின் ஒரு படியேயாகும்.

சுழிக்கு அருகிலும் எச்சரிக்கை தேவை. பெயர்ச்சியை அளப்பதில் 0.002 ஆங்ஸ்ட்ராம் பிழை நேர்ந்தால் பார்வைக்கோட்டு வேகத்தில் 0.1 கி.மீ./நொடி பிழை வரும். புள்ளி ஆரத்தின் பாதியில் இருந்தால் அது இரு மடங்காகி 0.2 ஆகும். பத்தில் ஒரு பங்கில் இருந்தால் ஆ/தொ = 10; பிழை 1 கி.மீ./நொடி, அதாவது அறிய வேண்டிய வேகத்தில் பாதி. சிறிய எண்ணால் வகுப்பது பெரிய எண்ணால் பெருக்குவதாகையால், அளவையோடு அதன் பிழையும் பெருகுகிறது. புள்ளியை விளிம்புக்கு அருகே நோக்குவது பெயர்ச்சியைப் பெரிதாக்கும். ஆனால் விளிம்பில் பரப்பு மிகச் சாய்வாகத் தெரிவதால் அரைநிழல் ஒடுங்கிவிடும். நோக்குநர் இடைப்பட்ட நிலை ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது.

பிற்காலத்தில் இந்த ஆய்வகத்தில் நிறுவப்பட்ட சுரங்கத் தொலைநோக்கி, 60 மீட்டர் நீளச் சுரங்கத்தினுள் சூரியனின் 34 செ.மீ. விட்டமுள்ள உருவை வீழ்த்துகிறது. அதன் குவியத் தொலைவையும் ஒரு பின்னச் சமன்பாட்டால் மதிப்பிடலாம். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கி.மீ.; தொலைவு ஏறத்தாழ 14,96,00,000 கி.மீ. எனவே 34/ம = 13,92,000/14,96,00,000, அதாவது ஏறத்தாழ 1/107.5; ம = 3,655 செ.மீ., ஏறத்தாழ 36.5 மீட்டர். அதன் நிறமாலைமானியில் ஆறாம் வரிசையில் ஓர் ஆங்ஸ்ட்ராம் 9 மில்லிமீட்டராக விரிகிறது. எவர்ஷெட் தேடிய 0.04 ஆங்ஸ்ட்ராம் பெயர்ச்சி அங்கு 0.36 மில்லிமீட்டர் நீளமாக, உருப்பெருக்கி கொண்டு நேரே அளக்கத்தக்கதாக வந்து விழும்.